பதினான்காம் பாத்தியின் பார்வையாளர்

ஜூன் 20

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது.

எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. அதை முதலிலேயே சொல்லிவிட்டால் மிச்சத்தை நீ நிதானமாகப் படிப்பாய். மருமகளின் இடுப்பு வலி எப்படி இருக்கிறது என்று அவளையே இரண்டு வரி எழுதச் சொல். உன்னைக் கேட்டால் 'பரவாயில்லை' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவாய். உன் பழைய கல்லூரி என்னைப் பிடித்துப் போட்டிருக்கும் கதையைத்தான் இன்று எழுத உட்கார்ந்தேன்.

போன மாதம் நம் நாற்றுப்பண்ணைக்கு மேற்பார்வையாளர் வேலைக்கு ஆள் தேடினேன். பதினொரு பேர் வந்தார்கள். எல்லோரும் உன் கல்லூரியில் வேளாண்மை படித்துப் பட்டம் வாங்கியவர்கள். ஆளுக்கு ஒரு குழித்தட்டைக் கையில் கொடுத்து, இதில் எந்த நாற்றை நடலாம், எதை ஒதுக்கலாம், ஏன் என்று கேட்டேன். ஒருவன் நாற்றின் கழுத்தைப் பிடித்து இழுத்தான்; தலை தனியாகக் கையோடு வந்தது. இன்னொருவன் வெகுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "மேடம், இதுல நாற்று எது, களை எது?" என்றான். அவனை மட்டும் எனக்குக் கொஞ்சம் பிடித்திருந்தது. தெரியாததைத் தெரியாது என்றாவது சொன்னான்.

அன்றைக்கே துணைவேந்தருக்கு மூன்று பக்கம் எழுதிப் போட்டேன். பதிலுக்கு ஓர் ஆணை வந்தது: வேளாண் இளநிலைப் பட்டப்படிப்பை வேலைவாய்ப்புக்கு ஏற்றபடி மேம்படுத்தும் குழுவில், வேலை தருவோர் சார்பில் நான் உறுப்பினர். புகார் எழுதியவரையே குழுவில் போட்டு வாயை அடைப்பது பழைய தந்திரம். அவர்களுக்கு என் வாயைப் பற்றித் தெரியாது.

இரண்டு கூட்டம் முடிந்தது. ஆளுமை வளர்ச்சி என்று ஒரு பாடம், பேச்சுத் திறன் என்று ஒரு பாடம், டிரோன் என்று ஒரு பாடம் சேர்க்கலாம் என்றார்கள். எதையும் சேர்க்க வேண்டாம், பிள்ளைகள் வயலில் எழுதிய குறிப்பேடுகளைக் கொண்டு வாருங்கள் என்றேன். துறைத்தலைவர், என் வயதில் பாதி இருப்பார், ஒரேயடியாகப் பூரித்துப் போய், "அதெல்லாம் ரொம்ப நீட்டா இருக்கும் மேடம்" என்றார். கான்வென்டில் எங்களுக்குத் தையல் கற்றுத் தந்த சிஸ்டர் எந்தத் துணியையும் முதலில் பின்பக்கம் திருப்பித்தான் பார்ப்பார். 'நீட்டாக' என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கும் கை அப்படித்தான் போகிறது.

அறுபது குறிப்பேடுகள் வந்தன. கடைசி வருடத்தில் ஆளுக்கொரு பாத்தி கொடுத்து, மக்காச்சோளம் விதைத்து, அறுவடை வரை தினமும் கண்டதை எழுத வேண்டும். அது உனக்கே தெரியும். இவற்றில் விதைத்த இருபத்திரண்டாம் நாள் மழை முப்பத்திரண்டு மில்லிமீட்டர் என்று இருந்தது. போன வருடம் அந்த மாதம் முழுக்க இங்கே ஒரு சொட்டு இல்லை. நாற்பதாம் நாள் தண்டுத் துளைப்பான் என்று இருந்தது. போன வருடம் இந்த வட்டாரச் சோளத்தைத் தின்று தீர்த்தது படைப்புழு. அறுபது பேரும் ஒரே மழையில் நனைந்து, ஒரே புழுவைப் பிடித்திருக்கிறார்கள். யாரோ ஒருவர் என்றைக்கோ எழுதியதை வருடத்துக்கு வருடம் பார்த்து எழுதி வருகிறார்கள். ஒவ்வொரு பக்கத்திலும் தேர்வாளரின் சிவப்பு மைக் கையெழுத்து வேறு.

ஒன்றுதான் எனக்கு விளங்கவில்லை. பாத்தியைப் பார்க்க வந்தவர் யார் என்று எழுத அதில் 'பார்வையாளர்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. ஐம்பதாம் நாள் வரை அது காலி. ஐம்பத்தொன்றாம் நாள் அறுபது குறிப்பேட்டிலும் இப்படி: 'அப்பா வந்தார். மேற்கு வரப்பில் நின்றார். அவர் பேசவில்லை. நானும் பேசவில்லை.'

நாலு மாணவர்களைக் கூப்பிட்டு விசாரித்தேன். ஒரு பையன், "ஐம்பத்தொன்னாம் நாள்னா அப்பா வரணும் மேடம், சீனியர்ஸ் எல்லாம் அப்படித்தான் எழுதியிருக்காங்க" என்றான். அவனுக்குப் பக்கத்தில் நின்றவன் தலையைக் குனிந்துகொண்டு, "எனக்கு அப்பாவே இல்லைங்க மேடம். சின்ன வயசுலயே போயிட்டாரு. ஆனா மார்க் வேணும்ல" என்றான்.

சிரிப்பதா, அடிப்பதா என்று தெரியவில்லை. உன் காலத்திலும் இப்படித்தானா? வேளைக்கு மாத்திரை போட்டுக்கொள்கிறேன். நீ கேட்பாய் என்று நானே எழுதிவிட்டேன்.

உன் அம்மா

ஜூலை 14

மகனுக்கு,

உன் கடிதம் வந்தது. என் இரத்த அழுத்தத்தைப் பற்றி மூன்று வரி, அங்கே பெய்யும் மழையைப் பற்றி இரண்டு வரி. நான் கேட்டதற்குப் பதில் இல்லை. மருமகள் எழுதியிருந்தது நன்றாக இருந்தது. அவளுக்கு முற்றுப்புள்ளி எங்கே வைப்பதென்று தெரிகிறது.

குறிப்பேட்டின் மூலம் எது என்று தேடினேன். கல்லூரியில் ஆய்வக உதவியாளர் ஒருவர் இருக்கிறார். இடுப்பில் முப்பது சாவி தொங்கும். பிள்ளைகள் அவரைச் 'சலங்கை' என்கிறார்கள். அவர்தான் வைப்பறையைத் திறந்து விட்டார். ஜன்னல் இல்லாத அறை. கூரை வரைக்கும் குறிப்பேடுகள், வருடவாரியாகக் கட்டி வைத்திருந்தார்கள். இரண்டு நாள் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு கட்டிலும் ஒன்றை உருவிப் பார்த்தேன். எந்த வருடத்தை எடுத்தாலும் ஐம்பத்தொன்றாம் நாள் ஓர் அப்பா வருகிறார். ஐம்பத்துநாலு, ஐம்பத்தெட்டு, அறுபத்துமூன்று என்று இன்னும் மூன்று முறை வருகிறார். வரப்பில் நிற்கிறார். போய்விடுகிறார். எத்தனை நூறு பேர் கைப்பட எழுதியிருக்கிறார்கள்! அந்த அறையில் உட்கார்ந்திருக்கும்போது எனக்குப் பின்னால் யாரோ நிற்பது போல இருந்தது. நான் அப்படியெல்லாம் பயப்படுகிறவள் இல்லை. இருந்தாலும் ஸ்டூலைச் சுவர்ப்பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

சலங்கையின் சாவிச் சத்தம் வாசலிலேயே இருந்தது. உள்ளே வாருமையா என்றேன். "நான் இங்கனயே நிக்கிறேங்கம்மா. உள்ள வந்தா வெளிய யாரு நிக்கிறது?" என்றார். அந்த மனிதருக்கும் ஏதோ தெரிந்திருக்கிறது.

அடிக்கட்டில் இருந்தது மூலம். அட்டையில் 'மாதிரிக் குறிப்பேடு – சிறப்பு மதிப்பெண்' என்று முத்திரை. உள்ளே உன் கையெழுத்து.

முப்பது வருடம் கழித்து உன் கையெழுத்தை அங்கே பார்ப்பேன் என்று நினைக்கவில்லை. 'ழ'வின் வாலை நீ அப்போதும் இழுத்துத்தான் விட்டிருக்கிறாய். மழை உன் மழை. தண்டுத் துளைப்பான் உன்னுடையது. நீ பார்த்து எழுதியிருக்கிறாய், தம்பி. அதனால்தான் அது பரிசு வாங்கியது. பிறகு யாரும் பார்க்க வேண்டிய தேவையே இல்லாமல் போய்விட்டது. 'இந்தப் படிப்பு எழுதத்தான் கத்துக்கொடுக்குது, பார்க்கக் கத்துக்கொடுக்கலை. நாளைக்கு எவன் வேலை கொடுப்பான்' என்று உன் அப்பா சொன்னதும், நீ தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து விடுதிக்குப் போனதும், அதற்குப் பிறகு மூன்று மாதம் இரண்டு பேரும் பேசாமலே இருந்ததும் எனக்கு நினைவுக்கு வந்தது.

உன்னுடையதில் மற்றவர்கள் விட்டுவிட்ட சில சொற்கள் இருக்கின்றன. தங்களுக்குப் பொருந்தாது என்று விட்டிருப்பார்கள். 'புதுச் சாம்பல் நிறச் சட்டை. காலில் செருப்பில்லை.' இவர்கள் விட்ட இன்னொன்று, நாளுக்குப் பக்கத்தில் நீ எழுதியிருக்கும் தேதி. நவம்பர் 2, 5, 9, 14.

அந்தத் தேதிகளைப் பற்றி இப்போது எழுதவில்லை. ஒன்றுக்கு மட்டும் பதில் சொல். அந்தச் சட்டை உன் பட்டமளிப்புக்குப் போட்டுக்கொள்ளட்டும் என்று நான் வாங்கி, அலமாரியில் காகிதம் சுற்றி வைத்திருந்தது. அவர் உயிரோடு இருந்தபோது அதை ஒரு நாளும் போட்டதில்லை. நீ எப்படிப் பார்த்தாய்?

குழுவில் என் பேச்சு எடுபட்டது. பழைய குறிப்பேடுகள் மொத்தமும் காகித ஆலைக்குப் போய்விட்டன. லாரியில் ஏற்றும்வரை நானே நின்று பார்த்தேன். உன்னுடையது மட்டும் என்னிடம் இருக்கிறது. இனிமேல் பக்க எண் அச்சிட்ட புதுக் குறிப்பேடு. பாத்தியில் நின்றுதான் எழுத வேண்டும். பார்த்ததை எழுது, எழுதியதை அழிக்காதே. விதிகள் இரண்டுதான். இரண்டு விதை நிறுவனங்களிடம் பேசிவிட்டேன். ஒவ்வொரு வரியும் கண்ணால் கண்டதுதான் என்று நான் கையெழுத்துப் போடும் குறிப்பேட்டுக்கு உரிய பிள்ளையை நேர்முகமே இல்லாமல் எடுத்துக்கொள்வார்கள். புதுக் கடைசி வருட மாணவர்கள் செப்டம்பர் பன்னிரண்டில் விதைக்கிறார்கள்.

பார்வையாளர் கட்டத்தை எடுத்துவிடலாமா என்று துறைத்தலைவர் கேட்டார். இருக்கட்டும் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை.

அம்மா

நவம்பர் 17

தம்பி,

நேற்று நீ போன் செய்தாய். அப்பா நினைவு நாளென்று வருடா வருடம் பதினாறாம் தேதி நீ செய்கிற போன். மணி நின்று, மறுபடி அடித்து, மறுபடி நின்றது. நான் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன். எடுக்கவில்லை. ஏன் என்று இந்தக் கடிதத்தில் சொல்கிறேன். தயவுசெய்து கடைசிவரை படி.

ஆகஸ்டில் நீ எழுதிய நாலு வரியை மனப்பாடமாக வைத்திருக்கிறேன். 'அவர் வந்தார். நாலு தடவை வெயிலில் வந்து நின்றார். நான் வீம்புக்கு முகம் கொடுக்கவில்லை. கடைசியாக வந்த இரண்டாம் நாளே போய்விட்டார். சட்டையைப் பற்றியெல்லாம் இப்போது எதற்கு அம்மா?' நீ ஏன் இந்த முப்பது வருடத்தில் இரண்டே முறை வீட்டுக்கு வந்தாய், வந்தபோதும் ஏன் அப்பா படத்தின் பக்கமே திரும்பவில்லை என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. உடம்பு சரியில்லாத மனிதர் பஸ் பிடித்து வந்து நின்றார், நான் பேசாமல் அனுப்பிவிட்டேன் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய்.

முதலில் பதினான்கைப் பற்றிச் சொல்கிறேன். உன் பாத்தி எண் இந்த வருடம் ஒரு பெண்ணுக்கு விழுந்தது. நான் அவளைப் பதினான்கு என்றுதான் கூப்பிடுகிறேன். அவள் பதிலுக்கு என்னை என்னவென்று கூப்பிடுகிறாளோ, எனக்குத் தெரியாது. வேறு கல்லூரியிலிருந்து இந்த வருடம்தான் மாறி வந்தவள். பழைய குறிப்பேடு ஒன்றைக் கூடக் கண்ணால் பார்த்ததில்லை. நான் பார்த்தவரையில் அந்த அறுபது பேரில் கண் உள்ளவள் அவள்தான். படைப்புழு முட்டைக் குவியலை இலையின் அடிப்பக்கத்தில் எல்லோருக்கும் நாலு நாள் முன்னால் கண்டுபிடித்தாள். துறைத்தலைவர் ஒருமுறை பாத்தியில் காலை வைத்ததற்கு, 'பார்வையாளர்: துறைத்தலைவர். இரண்டு செடியை மிதித்தார்' என்று எழுதி வைத்தாள்.

நவம்பர் மூன்றாம் தேதி குறிப்பேடுகளைச் சரிபார்க்கப் போனேன். அவளுடையதில் ஐம்பத்தொன்றாம் நாள்: 'பார்வையாளர்: வயதானவர், மேற்கு வரப்பு, காலை 10.40. சாம்பல் நிறப் புதுச் சட்டை. செருப்பில்லை. பேசவில்லை. போன பிறகு பார்த்தேன். வரப்பு ஈரம், தடம் இல்லை.'

நான் அதைப் படித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். தண்ணீர் கேட்டேன். யார் சொல்லி எழுதினாய் என்று அதட்டினேன். அவள் என்னைவிட அமைதியாக, "யாரும் சொல்லலை மேடம். நீங்கதானே பார்த்ததை எழுதுன்னீங்க" என்றாள்.

அதற்குப் பிறகு நாலு காலை நான் போய் அந்த வரப்பில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். நல்ல வெளிச்சம், பத்து மணி வெயில். சோளம் என் தலைக்கு மேல் நின்றது. காற்றே இல்லை, இருந்தாலும் உள்வரிசையில் ஓரிடத்தில் மட்டும் இலைகள் உரசிக்கொண்டே இருந்தன. கூப்பிட்டுப் பார்த்தேன். இந்த வயதில், பகலில், பிள்ளைகள் பார்க்க, சோளக்காட்டைப் பார்த்து 'என்னங்க' என்று கூப்பிட்டேன். உரசல் நின்றது. யாரும் வரவில்லை. நான் போகாத நாட்களில் வந்திருக்கிறார்: ஐம்பத்துநாலு, ஐம்பத்தெட்டு. ஏன் என்று பதினான்கைக் கேட்டேன். அவள் தயங்கித் தயங்கி, "நீங்க உட்கார்ந்திருந்தா வரமாட்டார்னு நினைக்கிறேன் மேடம்" என்றாள். இருபத்தாறு வருடம் அவரோடு வாழ்ந்தவளிடம் சொல்கிறாள்.

பதினான்காம் தேதி, அறுபத்துமூன்றாம் நாள். அவள் எழுதியதை எழுத்துப் பிசகாமல் தருகிறேன். 'பார்வையாளர்: அதே வயதானவர், 10.40. இன்று பேசினார். "பையனுக்குச் சொல்லியாச்சா?" என்று கேட்டார். "எந்தப் பையன்னு தெரியலைங்களே" என்றேன். என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன். திரும்பியபோது இல்லை. தடம் இல்லை.'

துறைத்தலைவர் அரண்டு போய்விட்டார். நிறுவனத்தார் படித்தால் சிரிப்பார்கள், மற்ற ஐம்பத்தொன்பது பேரின் பிழைப்பும் கெடும், அந்த நாலு வரியை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள் என்றார். அவளிடமும் சொல்லிப் பார்த்தார். அவள் மாட்டேன் என்றுவிட்டாள். என்னிடம் நேராக வந்தாள். "வேலை எனக்கு ரொம்ப வேணும் மேடம், எங்க வீட்டுல என் ஒருத்தியைத்தான் நம்பியிருக்காங்க. நீங்க நம்பலைன்னா நீங்களே அடிச்சிடுங்க. நான் அடிக்க மாட்டேன். ஏன்னா பார்த்தேன்" என்றாள். இரண்டு நாள் அவகாசம் கேட்டு அந்தக் குறிப்பேட்டை வீட்டுக்கு எடுத்து வந்தேன்.

அவள் எழுதியது பொய்யென்றால் நான் அடித்துவிடலாம். அவள் பிழைப்பு போகும். என் மானம் நிற்கும். மெய்யென்றால் கையெழுத்துப் போட வேண்டும். ஆனால் அவர் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் அந்தப் பக்கத்தில் நான் எப்படிக் கையெழுத்துப் போடுவேன்?

தம்பி, உன் அப்பா இறந்தது நவம்பர் பதினாறு இல்லை. அக்டோபர் முப்பது, காலை பத்து நாற்பது.

அதற்கு முந்தைய பத்து நாள் அவரால் கட்டிலிலிருந்து குளியலறைக்குக்கூட நடக்க முடியவில்லை. உனக்கு எழுத்துத் தேர்வும் செய்முறைத் தேர்வும் நவம்பர் பதினாறாம் தேதி வரை இருந்தன. அவர் கேட்டார்: "பையனுக்குச் சொல்லியாச்சா?" தினமும் கேட்டார். சொல்லியாச்சு, பரீட்சை முடிந்து வருகிறான் என்றேன். இரண்டுமே பொய். பட்டம் இல்லாவிட்டால் நீ எங்கேயும் நிற்க முடியாது, ஒரு வருடம் போய்விடும், அவர் சொன்னதே உண்மையாகிவிடும் என்று நினைத்தேன். நீ ஜெயிக்க வேண்டும் என்று நினைத்தேன். யாரை எதிர்த்து ஜெயிக்க வேண்டும் என்று நான் யோசிக்கவில்லை. கடைசி அன்றும் அதையே கேட்டார். உயிர் போன பிறகு அலமாரியிலிருந்த சட்டையை நான்தான் அவருக்குப் போட்டுவிட்டேன். காலுக்கு ஒன்றும் போடவில்லை. எல்லாம் அன்றைக்கே முடிந்தது.

பதினாறாம் தேதி மாலை உன் விடுதிக்குச் செய்தி அனுப்பினேன். நீ பதினேழாம் தேதி வந்தபோது, நேற்று திடீரென்று, உனக்காகக் காத்திருக்க முடியவில்லை என்றேன். பதினேழு நாளை விழுங்கிவிட்டேன். என் பேச்சை மீற அந்தத் தெருவில் யாருக்கும் துணிச்சல் இல்லை. இரண்டே மாதத்தில் நீயும் வெளிநாடு போய்விட்டாய். இறப்புச் சான்றிதழை நீ ஒருபோதும் கேட்டதில்லை. இதோடு நகல் வைத்திருக்கிறேன். உண்மைத் தேதியில் வருடா வருடம் நான் தனியாக உட்கார்ந்திருப்பேன். பொய்த் தேதியில் உன் போனை எடுத்துப் பேசுவேன். நேற்று என்னால் முடியவில்லை.

ஆகவே நீ முகம் திருப்பியது உடம்பு முடியாமல் பஸ் பிடித்து வந்தவரிடம் இல்லை. வந்தவருக்கு வெயில் சுட்டிருக்காது. நீ போகச் சொல்லிப் போனவரும் இல்லை. எது உனக்கு இதில் ஆறுதல், எது புதுக் காயம் என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. நீ என் மேல் கோபப்படு. அதற்கு உனக்கு முழு உரிமை உண்டு. முப்பது வருடக் கோபத்தையும் சரியான விலாசத்துக்கு அனுப்பு.

இன்று காலை பதினான்கின் குறிப்பேட்டில் ஒவ்வொரு பக்கமும் கையெழுத்துப் போட்டேன். அறுபத்துமூன்றாம் நாளுக்குக் கீழே, 'இது மெய்யென்று நான் அறிவேன்' என்று என் கையால் எழுதி, பெயரும் தேதியும் போட்டேன். துறைத்தலைவர் படித்துவிட்டு நிறுவனங்களுக்குப் போன் போட்டுச் சொன்னார். இரண்டு நிறுவனத்தில் ஒன்று இப்போதே கையை விரித்துவிட்டது. இன்னொன்று யோசிக்கிறது. இரண்டும் இல்லையென்றால் அவளை நம் பண்ணைக்கு எடுத்துக்கொள்வேன். அவள் என் கீழ் வேலை செய்யச் சம்மதித்தால்.

டிசம்பர் இருபதில் அறுவடை. அதற்குப் பிறகு பாத்திகளை உழுதுவிடுவார்கள். அடுத்த வருடம் அந்த நிலத்தில் ஆய்வுக்கூடம் கட்டப் போகிறார்களாம்.

அதற்கு முன்னால் வா. மருமகளை அழைத்துக்கொண்டு வந்தாலும் சரி, தனியாக வந்தாலும் சரி. என்னைப் பார்க்க வர வேண்டும் என்று நான் கேட்கவில்லை. வீட்டுக்கு வராமலே கல்லூரிக்குப் போகலாம். சலங்கையிடம் சொல்லி வைத்திருக்கிறேன், கதவு திறந்திருக்கும். காலை பத்து மணிக்குப் போய் மேற்கு வரப்பில் நில். நான் அந்தப் பக்கம் வரமாட்டேன். அவர் வந்தால், நீயே முதலில் பேசு. உனக்கு என்ன பேச வேண்டுமோ பேசு. அதற்கு முன்னால் ஒரே ஒரு வார்த்தை எனக்காக: அம்மா சொல்லிட்டாங்கப்பா என்று சொல்.

உன்னை ஆசீர்வதிக்க எனக்கு இன்னும் தகுதி இருக்கிறதா என்று தெரியவில்லை. இருந்தாலும் நன்றாக இரு.

உன் அம்மா